ரிசப்ஷன் பந்திக் கணக்கு: மேஜை அளவு முதல் இருக்கை எண்ணிக்கை வரை

மண்டபம் பார்க்கப் போனால் மேனேஜர் முதலில் சொல்வது, "டைனிங்ல ஒரே நேரத்துல 250 பேர் உட்காரலாம் சார்." அந்த 250 எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. கிடக்கிற மேஜைகளை எண்ணி, ஒரு மேஜைக்கு நாலு பேர் என்று பெருக்கியிருப்பார்கள். தூண், கை கழுவும் இடம், பரிமாறுபவர் நடக்கும் வழி எதுவும் அந்தக் கணக்கில் வராது. ரிசப்ஷன் அன்று எட்டரை மணிக்கு வாசலில் கூட்டம் நெருக்கும்போதுதான் உண்மை தெரியும்.

இலை போட்டுப் பரிமாறும் ரிசப்ஷன் சாப்பாட்டுக்கு மேஜையும் இருக்கையும் எப்படிக் கணக்கிடுவது என்பதை இங்கே முழுதாகப் பார்ப்போம். பஃபேவுக்கும் ரவுண்டு டேபிளுக்குமான அளவுகள் பின்னால் வருகின்றன. எல்லாக் கணக்குக்கும் ஒரே மாதிரி ரிசப்ஷனை எடுத்துக்கொள்கிறோம்: 700 பேர், 80 அடிக்கு 45 அடி சாப்பாட்டுக் கூடம், மாலை ஏழு மணிக்கு முதல் பந்தி.

முதலில் தலைக்கணக்கு

"300 பத்திரிகை அடித்தோம், வீட்டுக்கு மூணு பேர், 900" என்று போடும் மொட்டைக் கணக்கு உதவாது. யாருக்குக் கொடுத்த பத்திரிகை என்று பிரித்துப் போடுங்கள். உள்ளூர்ச் சொந்தம் குடும்பத்தோடு வரும். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கணவன் மனைவியாக மட்டும் வருவார்கள். அலுவலகத்துக்கு ஒரே பத்திரிகைதான் போயிருக்கும், அதில் பதினைந்து பேர் வேன் பிடித்து வருவார்கள்.

நம் உதாரணத்தில் இப்படி வருகிறது:

உள்ளூர் உறவு: 90 வீடு × 3 = 270
வெளியூர் உறவு: 60 வீடு × 2 = 120
நண்பர்கள், அக்கம்பக்கம்: 80 வீடு × 2 = 160
இரண்டு பக்க அலுவலகமும்: 110
போட்டோ, வீடியோ, கச்சேரிக் குழு, டெக்கரேஷன் ஆட்கள், டிரைவர்கள்: 40

மொத்தம் 700. கடைசி வரியைப் பல வீடுகளில் மறந்துவிடுவார்கள். இரவு பத்து மணிக்கு இலை பற்றாமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்று: நாற்காலிக் கணக்கும் இலைக் கணக்கும் ஒன்றல்ல. நாலு வயசுக் குழந்தைக்குத் தனி இலை போட மாட்டார்கள், ஆனால் அது ஒரு நாற்காலியில் உட்காரும். கேட்டரிங்காரர் இலைக்குப் பணம் வாங்குவதால் அவர் சொல்லும் எண் எப்போதும் இலை எண்தான். இருக்கை திட்டமிடும்போது குழந்தைகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எத்தனை பேர் ஒரே நேரத்தில் வருவார்கள்?

700 பேருக்கு 700 இருக்கை தேவையில்லை. நாலு பந்தி என்றால் 175 போதும் என்பதும் தப்பு. எல்லாப் பந்திக்கும் சமமாக ஆள் வருவதில்லை. பந்திக்கு முந்தச் சொன்ன பழமொழி இருந்தும் ரிசப்ஷனில் முதல் பந்தி நிரம்புவதே இல்லை. வயதானவர்களும் குழந்தையோடு வந்தவர்களும்தான் உட்காருவார்கள். நெரிசல் இரண்டாவது, மூன்றாவது பந்தியில் வரும்.

ஒரு பந்திக்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள். உட்கார்ந்து, இனிப்பில் தொடங்கி மோர் சாதம் வரை போக 25 முதல் 28 நிமிடம். இலை எடுத்து, மேஜை துடைத்து, புதுப் பேப்பர் விரித்து, இலை போட்டு, உப்பு ஊறுகாய் வைக்க 10 முதல் 12 நிமிடம். ஆக ஒரு சுற்றுக்கு 40 நிமிடம். "அரை மணியில் ஒரு பந்தி எடுத்துடுவோம்" என்று சொல்லும் கேட்டரிங்காரர், சாப்பிடுபவரைப் பாதியில் எழுப்பித்தான் அதைச் சாதிக்க முடியும்.

ஏழு மணியிலிருந்து நாற்பது நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து பந்தி. வருகிறவர்கள் ஏறக்குறைய இப்படிப் பிரிவார்கள்:

7.00 – 100 பேர்
7.40 – 200 பேர்
8.20 – 210 பேர்
9.00 – 130 பேர்
9.40 – 60 பேர்

இப்போது இரண்டு கூடங்களை இந்த வரவோடு பொருத்திப் பார்க்கலாம். முதலாவது நம் 80 அடிக்கு 45 அடிக் கூடம், அதில் ஒரே நேரத்தில் 174 பேர் உட்காரலாம் (இந்த எண் எப்படி வருகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்). இரண்டாவது பந்தியில் 26 பேர் மிச்சம் நிற்பார்கள். மூன்றாவதுக்கு 210-உம் 26-உம் சேர்ந்து 236 பேர், அதில் 62 பேர் காத்திருப்பார்கள். நாலாவதில் மிச்சம் 18. ஐந்தாவது பந்தி 78 பேரோடு முடியும். நிற்பவர் எண்ணிக்கை எந்த நேரத்திலும் 62-ஐத் தாண்டாது.

இரண்டாவது கூடத்தில் 120 இருக்கை. இரண்டாவது பந்தியிலேயே 80 பேர் வெளியே நிற்பார்கள். மூன்றாவதில் 170, நாலாவதில் 180, ஐந்தாவது முடியும்போதும் 120 பேர் மிச்சம். ஆறாவது பந்தி போட்டு முடிக்கப் பதினொரு மணி ஆகும். அதற்குள் பாதிப் பேர் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு வெளியே ஹோட்டல் தேடிப் போயிருப்பார்கள். இருக்கை 174-லிருந்து 120-க்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை; காத்திருக்கும் கூட்டம் மூன்று மடங்கு ஆகிவிட்டது. மண்டபம் முடிவு செய்யும்போது பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

கையில் ஒரு விதி வேண்டுமென்றால்: மொத்த எண்ணிக்கையில் கால் பங்கு இருக்கை இருந்தால் சமாளிக்கலாம், 30 சதவீதம் இருந்தால் நிம்மதி. ஐந்தில் ஒன்றுக்குக் கீழே போனால் வேறு மண்டபம் பாருங்கள், அல்லது பாதிப் பேருக்கு பஃபே என்று பிரித்துவிடுங்கள்.

மேடை வரிசைதான் பந்தியின் குழாய்

டைனிங் ஹாலைத் திட்டமிடுபவர்கள் மேடையைக் கவனிப்பதில்லை. சாப்பாட்டுக்கு எந்த வேகத்தில் ஆள் வரும் என்பதை முடிவு செய்வது மேடைதான்.

ஒரு குடும்பம் மேடையேறி, பரிசு கொடுத்து, போட்டோவுக்கு நின்று இறங்க 45 நொடி ஆகும். 600 பேர் மேடையேறுவார்கள், குழுவுக்கு மூன்று பேர் என்றால் 200 குழு, 150 நிமிடம். ஏழு மணிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்றால் ஒன்பதரைக்கு வரிசை முடியும். மணிக்கு 240 பேர் மேடையிலிருந்து இறங்குவார்கள். 174 இருக்கை உள்ள கூடம் மணிக்கு 260 பேரைச் சாப்பிட வைக்கும். இரண்டும் பொருந்துகின்றன.

மேக்கப் முடியவில்லை என்று ஜோடி 7.45-க்கு வந்தால்? வந்தவர்கள் சும்மா உட்காரமாட்டார்கள். "அதுக்குள்ள சாப்பிட்டு வந்துடலாம்" என்று எழுந்துவிடுவார்கள். இரண்டாவது பந்திக்கு 200-க்குப் பதில் 280 பேர் வந்து நிற்பார்கள், 106 பேருக்கு இடமிருக்காது. டைனிங் ஹாலில் நடக்கும் பல தகராறுகளின் காரணம் பியூட்டி பார்லரில் தொடங்கியிருக்கும். ஆகவே ஜோடி மேடையேறும் நேரத்தைக் கேட்டரிங் சூப்பர்வைசருக்கு ஐந்தே முக்கால் மணிக்கே சொல்லிவிடுங்கள். தாமதம் என்றால் முதல் பந்தியை 6.45-க்குத் தொடங்கலாம், ஆனால் சமையல்கட்டுக்கு அது ஒரு மணி நேரம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மேஜை: ஆறடியில் மூன்று பேர்

மண்டபங்களில் பொதுவாக இருப்பது ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் உள்ள மடக்கு மேஜை. சில இடங்களில் எட்டடி மேஜை இருக்கும். பழைய மண்டபங்களில் ஐந்தரை அடி நீளமும் 15 இன்ச் அகலமுமாகவும் கிடக்கும். மண்டபக்காரர் சொல்வதை எழுதிக்கொள்ளாமல் டேப் வைத்து ஒரு மேஜையை அளந்துவிடுங்கள். ஆறு இன்ச் வித்தியாசம் பத்து மேஜை வரிசையில் ஐந்தடி ஆகிவிடும்.

ஒருவருக்கு 24 இன்ச், அதாவது இரண்டடி. அதற்குக் காரணம் இலை. சாப்பாட்டு இலை ஒன்றரை அடிக்கு மேல் நீளம், நுனி இடது பக்கம் போகும். 24 இன்ச் கொடுத்தால் பக்கத்து இலையோடு மோதாது. 20 இன்ச்சில் உட்கார வைத்தால் இலை நுனி பக்கத்தவர் இலைமேல் ஏறும், ரசம் ஊற்றும்போது அது எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. 18 இன்ச்சில் நாலு பேரை உட்கார வைக்கும் கணக்கு காகிதத்தில் மட்டும்தான் நடக்கும். தோளோடு தோள் இடிக்கும். பட்டுப்புடவைக்காரர்கள் ஒரு நாற்காலி விட்டுத்தான் உட்காருவார்கள். கடைசியில் மேஜைக்கு மூன்று பேர்தான்.

மேஜைக்காலும் மூன்று பேர் கணக்கோடுதான் ஒத்துப்போகிறது. மடக்கு மேஜையின் கால்கள் இரண்டு முனையிலும் இருக்கும். வரிசையாகப் போட்டால் இரண்டு மேஜை சேரும் இடத்தில் நாலு கால் வரும். மூன்று பேர் என்றால் ஒவ்வொருவரும் முனையிலிருந்து ஓரடி, மூன்றடி, ஐந்தடியில் உட்காருவார்கள், யார் முழங்காலிலும் இடிக்காது. நாலு பேர் என்றால் ஓரத்தில் உட்காருபவர் காலை அந்த இரும்புக் காலுக்கு இரண்டு பக்கமும் போட வேண்டியிருக்கும்.

அகலம் 18 இன்ச் இருந்தால் இலை விரித்தது போக மேலே நாலு இன்ச் மிஞ்சும். தண்ணீர் பாட்டிலும் ஐஸ்கிரீம் கப்பும் அங்கே நிற்கும். 15 இன்ச் மேஜையில் பாட்டில் இலைமேல்தான் நிற்கும். அப்படிப்பட்ட மண்டபம் என்றால் ஐஸ்கிரீமையும் பீடாவையும் வெளியே ஸ்டாலில் வைத்துவிடுங்கள்.

எட்டடி மேஜையில் நாலு பேர். கிரானைட் மேஜையும் தரையோடு பதித்த ஸ்டூலும் இருக்கும் மண்டபங்களில் ஸ்டூல் இடைவெளியை அளந்து பாருங்கள். 20 இன்ச்சுக்குக் குறைவாக இருந்தால், மொத்த இருக்கையில் பத்தில் ஒன்று காலியாகவே கிடக்கும் என்று கழித்துக்கொள்வது நல்லது. உடம்பு பருத்தவர் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்டூல் போச்சு, நகர்த்தவும் முடியாது.

நாற்காலி கைப்பிடி இல்லாததாக இருக்கட்டும். அது 17, 18 இன்ச் அகலம்தான். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி 22 முதல் 24 இன்ச் வரை வரும். ஆறடிக்கு மூன்று போட்டால் ஒன்றோடொன்று உரசும், மேஜைக்கு அடியிலும் போகாது. இரண்டு பக்கமும் ஆள் உட்கார வைத்தால் இருக்கை இரட்டிப்பாகுமே என்று சிலருக்குத் தோன்றும். ஒன்றரை அடி மேஜையில் எதிரெதிர் முழங்கால் இடிக்கும், இரண்டு இலைக்கு இடமும் இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், பரிமாறுபவர் எங்கே நிற்பார்? பின்னாலிருந்து தோளுக்கு மேலே சாம்பார் வாளியை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இலைச் சாப்பாட்டுக்கு ஒரு பக்க இருக்கைதான்.

கூடத்தை அளந்து வரிசை போடுவது

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஓரடி என்று வைத்துக் கூடத்தை வரையுங்கள். கதவு, தூண், வாஷ்பேசின், சமையல்கட்டு வழி, லிஃப்ட் எல்லாவற்றையும் குறித்த பிறகுதான் மேஜை.

வரிசைகளை ஜோடியாகப் போட வேண்டும். இரண்டு வரிசை எதிரெதிரே பார்க்கும், நடுவில் பரிமாறும் பாதை. ஒரு ஜோடிக்கு அகலம்: நாற்காலி 2 அடி, மேஜை 1.5, பரிமாறும் பாதை 4, மேஜை 1.5, நாற்காலி 2. மொத்தம் 11 அடி.

பரிமாறும் பாதை ஏன் நாலடி? வாளியோடு நடப்பவருக்கு இரண்டரை அடி வேண்டும். மூன்றடிப் பாதையில் எதிரே தண்ணீர் டிராலி வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். ஒரு பந்தியில் பத்துப் பன்னிரண்டு பதார்த்தம் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பின்னால் ஒருவராக வருவார்கள். மூன்றடியில் இந்த ரயில் நின்று நின்று போகும், பந்தி பத்து நிமிடம் நீளும்.

ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே நாற்காலிகள் முதுகோடு முதுகாக இருக்கும். அங்கே இரண்டடி விட்டால் நடக்கலாம்தான். ஆனால் நம் ஊரில் அந்த இடத்தில் நடப்பவர்கள் மட்டும் இருக்கமாட்டார்களே. மோர் ஊற்றத் தொடங்கியதும் அடுத்த பந்திக்காரர்கள் வந்து, சாப்பிடுபவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். இரண்டு பக்கமும் அப்படி நின்றால் இரண்டடியில் எழுந்து வெளியே வரவே முடியாது. மூன்றடி விடுங்கள். சுவர் ஓரமும் மூன்றடி.

45 அடி அகலத்தில் மூன்று ஜோடி 33 அடி. நடுவே இரண்டு இடைவெளி 6 அடி. இரண்டு சுவர் ஓரம் 6 அடி. கணக்கு சரியாக 45-ல் நிற்கிறது. ஆறு வரிசை.

நீளவாக்கில் 80 அடியில் வாசல் பக்கம் 6 அடி, கை கழுவும் பக்கம் 8 அடி கழித்தால் 66 மிஞ்சும். பத்து மேஜை 60 அடி, நடுவே நாலடிக் குறுக்குப் பாதை. 64 அடி, இரண்டடி மிச்சம். குறுக்குப் பாதையை விட்டுவிட்டு இன்னொரு மேஜை போடலாமே என்று கை துறுதுறுக்கும். போட்டால் வரிசைக்கு 33 பேர் ஆவார்கள், நடுவில் உட்கார்ந்தவர் அவசரமாக எழுந்தால் பதினாறு பேரின் முதுகை உரசிக்கொண்டு போக வேண்டும். பதினைந்து இருக்கைக்கு மேல் இடைவெளியில்லாமல் போடாதீர்கள்.

வரிசைக்கு 30, ஆறு வரிசைக்கு 180. இரண்டு தூண் ஆளுக்கு ஒரு மேஜையை விழுங்கும், ஆறு இருக்கை போகும். மீதி 174. மேனேஜர் இதே கூடத்தை 250 என்பார்.

இந்த 174-உம் முழுதாக நிரம்புவது அபூர்வம். ஆறு பேர் உள்ள குடும்பம் சேர்ந்துதான் உட்காரும், அங்கங்கே ஒற்றை நாற்காலி காலியாக நிற்கும். இதைக் குறைக்க ஒரே வழி, வாசலில் விவரமான ஆள் ஒருவரை நிறுத்துவது. "உள்ளே போங்க அண்ணா, கடைசி வரிசையில் ஆறு பேருக்கு சேர்ந்தாப்புல இடமிருக்கு" என்று எண்ணிக்கை பார்த்து அனுப்ப வேண்டும். கூடத்தின் கோடியிலிருந்து வாசலை நோக்கி நிரப்பி வர வேண்டும். வாசல் பக்கம் முதலில் நிரம்பிவிட்டால் உள்ளே இடமிருப்பதே வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.

மூன்று ஜோடியையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள்

பெரும்பாலான மண்டபங்களில் 174 பேரும் ஒன்றாக உட்காருவார்கள், ஒன்றாக எழுவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். நடப்பது வேறு: முதல் பத்து நிமிடம் பரிமாறுபவர்கள் மூச்சுவிட முடியாமல் ஓடுவார்கள், அடுத்த பதினைந்து நிமிடம் கை கட்டி நிற்பார்கள், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கை கழுவப் போவார்கள். ஒரு நிமிடம் தாமதமாக வந்தவர் நாற்பது நிமிடம் நிற்க வேண்டும்.

ஜோடி ஒவ்வொன்றையும் பதிமூன்று நிமிட இடைவெளியில் தொடங்குங்கள். முதல் ஜோடிக்கு கூட்டு பொரியல் போகும்போது இரண்டாவது ஜோடி உட்காரும், முதல் ஜோடிக்கு மோர் போகும்போது மூன்றாவது உட்காரும். பதிமூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 58 இருக்கை காலியாகும். மொத்தம் சாப்பிடுபவர் எண்ணிக்கை அதேதான், ஆனால் வாசலில் நிற்பவர்களுக்குக் கதவு அடிக்கடி திறக்கும். சப்பாத்தியும் தோசையும் சூடாகக் கொடுப்பதாக மெனு இருந்தால் இந்த முறை இல்லாமல் அது நடக்காது.

இதற்கு ஜோடிக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். இல்லாவிட்டால் மோர் வாளிக்காரர் இனிப்பு வைக்காத வரிசைக்குள் நுழைந்துவிடுவார். பரிமாற இருபது இலைக்கு ஒருவர் என்று கேளுங்கள். 174 இலைக்கு ஒன்பது பேர், தண்ணீருக்கும் இலை எடுக்கவும் தனி ஆட்கள். எண்ணிக்கையைப் பேச்சில் விடாமல் கேட்டரிங் எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள்.

கை கழுவும் குழாய், காத்திருக்கும் நாற்காலி

ஒருவர் கை கழுவ 20 நொடி. பத்துக் குழாயில் 174 பேர் என்றால் ஆறு நிமிடம். ஐந்து குழாய்தான் என்றால் பன்னிரண்டு நிமிடம், வரிசை டைனிங் ஹாலுக்குள் வந்துவிடும், இலை எடுப்பவர்கள் நடக்க முடியாது. குழாய் குறைவான மண்டபத்தில் ஜோடி ஜோடியாகத் தொடங்குவது கட்டாயம்: 58 பேருக்கு ஐந்து குழாய் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும்.

காத்திருக்கும் உச்ச எண்ணிக்கை 62 என்று பார்த்தோம். டைனிங் ஹால் வாசலுக்கு வெளியே அறுபது நாற்காலி, இரண்டு ஃபேன். உட்கார இடமிருந்தால் உள்ளே வந்து நாற்காலி முதுகைப் பிடிப்பவர்கள் பாதியாகக் குறைவார்கள். ஐஸ்கிரீம், பீடா, பஞ்சுமிட்டாய் ஸ்டால்களை டைனிங் வாசலிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி வையுங்கள். வாசலை ஒட்டி வைத்தால் வெளியே வருபவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள், உள்ளே போகிறவர்களுக்கு வழி இருக்காது.

டைனிங் ஹால் மாடியில் இருந்தால் படிக்கட்டு அகலத்தையும் லிஃப்டையும் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வரிசை முனையில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு மூன்றடி விட வேண்டும். ஜோடிக்கு ஒரு முனையை இப்படி ஒதுக்கி வைத்தால் யாரையும் அந்த நேரத்தில் எழுப்ப வேண்டியிராது.

சம்பந்தி வீட்டாருக்கு

முழு வரிசையை ஒதுக்கிவிட்டு, கூட்டம் நிற்கும்போது அது காலியாகக் கிடப்பது இரண்டு பக்கத்துக்கும் மனக்கசப்பு. குறுக்குப் பாதைக்கு ஒரு பக்கமுள்ள அரை வரிசை, 15 இருக்கை, ஒரு பந்திக்கு மட்டும் ஒதுக்குங்கள். எந்தப் பந்தி என்பதைச் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு எட்டு நிமிடத்துக்குள் வராவிட்டால் மற்றவர்களுக்கு விட்டுவிடலாம். மணமக்களும் நெருங்கிய குடும்பமும் கடைசிப் பந்தியில்தான். அவர்களுக்கு எட்டடி மேஜை மூன்று தனியாகப் போட்டால் போதும்.

பஃபே என்றால்

ரவுண்டு டேபிளுக்கும் ஆளுக்கு 24 இன்ச் கணக்குதான், சுற்றளவில் எடுக்க வேண்டும். நாலடி விட்டத்துக்கு ஆறு பேர், ஐந்தடிக்கு எட்டு, ஆறடிக்கு ஒன்பது. ஆறடியில் பத்துப் பேர் நெருக்கி உட்காரலாம். பன்னிரண்டு என்று வாடகைக் கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ஆறடி மேஜையில் எதிரே இருப்பவரோடு பேசக் கத்த வேண்டும். கச்சேரி ஓடும் ரிசப்ஷனுக்கு ஐந்தடிதான் சரி.

மேஜை விளிம்புக்கும் விளிம்புக்கும் ஐந்தடி விட வேண்டும்: இரண்டு பக்க நாற்காலிக்கும் மூன்றரை, நடக்க ஒன்றரை. அப்படியானால் ஐந்தடி மேஜை ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்தடி சதுரம் எடுக்கும். 60 அடிக்கு 80 அடி புல்வெளியில் பஃபே கவுண்டருக்கு ஒரு பக்கம் 15 அடி, நடுவே ஆறடிப் பாதை விட்டால் 30 மேஜை, 240 பேர். ஷாமியானாவின் நடுக்கால் நிற்கும் இடங்களையும் கழிக்க மறக்காதீர்கள்.

பஃபேயில் பந்தி என்ற ஒழுங்கு கிடையாது. சாப்பிட்டு முடித்தவர்கள் பேசிக்கொண்டே முக்கால் மணி நேரம் உட்காருவார்கள். ஆகவே அதே 700 பேருக்கு இருக்கை கொஞ்சம் கூடுதலாக, 240-க்குக் குறையாமல் வேண்டும். நின்று சாப்பிடும் உயர மேஜை பத்து சேர்த்தால் இளவட்டம் அங்கே போய்விடும். பஃபே வரிசை நூறு பேருக்கு ஒன்று, ஒரே கவுண்டருக்கு இரண்டு பக்கமும் ஆள் வந்தால் அது இரண்டு வரிசைக் கணக்கு. தட்டு வைக்கும் முனை வாசலை ஒட்டி இருக்கக் கூடாது.

மேடை ஹால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 80 அடிக்கு 50 அடி ஹாலில் மேடை 16 அடி, அதன் முன் வீடியோ கிரேனுக்கும் போட்டோக்காரர்களுக்கும் 10 அடி, வாசல் பக்கம் 6 அடி. மீதி 48 அடியில் மூன்றடிக்கு ஒன்றாக 16 வரிசை. அகலத்தில் நடுப்பாதை 6 அடி, மேடை ஏறும் வரிசை நிற்கும் பக்கம் 6 அடி, மறுபக்கம் 4 அடி கழித்தால் பக்கத்துக்குப் பத்து நாற்காலி. 320. நடுவில் குறுக்குப் பாதைக்கு ஒரு வரிசையை எடுத்தால் 300. மெல்லிசைக் குழுவைத் தரையில் உட்கார வைத்தால் இன்னும் முப்பது போகும். 174 பேர் டைனிங்கில், அறுபது பேர் வெளியே, மேடை வரிசையில் ஐம்பது பேர் என்று இருக்கும்போது 300 நாற்காலி தாராளம்.

அன்று மாலை நாலு மணிக்கு

மேஜைகளைப் போட்ட பிறகு இரண்டு கையிலும் வாளியோடு ஒருவரை எல்லாப் பரிமாறும் பாதையிலும் நடக்கச் சொல்லுங்கள். இடிக்கும் இடம் அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு மேஜையையும் கையால் அழுத்திப் பாருங்கள். மடக்குக் கொக்கி சரியாக விழாத மேஜைதான் பந்தி நடுவில் சாயும். மாற்றுக்கு நாலு மேஜை, பத்து நாற்காலி ஓரமாக மடக்கி வைத்திருக்க வேண்டும்.

மேஜைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. பேப்பர் ரோல்தான். 60 அடி வரிசை ஆறு என்றால் ஒரு பந்திக்கு 360 அடி, ஐந்து பந்திக்கு 1,800 அடி, கிழிசலுக்குக் கொஞ்சம் கூட. ஸ்டாண்டு ஃபேன் பேப்பரையும் காலி இலையையும் தூக்கும். ஃபேனை வரிசைக்குக் குறுக்காக வைக்காமல் நீளவாக்கில் திருப்பி வையுங்கள், பேப்பரின் முனையை மேஜைக்கு அடியில் மடித்து டேப் ஒட்டுங்கள்.

பந்தி தொடங்கியதும் வீட்டு ஆள் ஒருவர் ஒவ்வொரு ஜோடிக்கும் இலை எண்ணி எழுதட்டும், கேட்டரிங் சூப்பர்வைசரிடம் அப்போதே கையெழுத்து வாங்கட்டும். எல்லாம் முடிந்து பதினொரு மணிக்கு எண்ணிக்கை பேச உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வெவ்வேறு எண் இருக்கும்.

ஒன்பது நாற்பது பந்திக்கு 78 பேர்தான் என்பதால் இரண்டு ஜோடி போதும். மூன்றாவது ஜோடியை அப்போதே துடைத்து மறுநாள் காலை டிபனுக்கு ஒழுங்கு செய்யத் தொடங்கலாம். டிபன் இலை சிறியது, ஆளுக்கு 20 இன்ச் போதும். ஆனால் மேஜையை மாற்றிப் போட வேண்டாம். முகூர்த்தச் சாப்பாட்டுக்கு அதே 24 இன்ச் மறுபடியும் தேவைப்படும், காலை பத்து மணிக்கு மேஜை இழுக்க யாருக்கும் நேரம் இருக்காது.